ஆட்சேபனை இல்லை

செப்டம்பர் 29

லூவன் நகரம், பெல்ஜியம். அறை மூன்றாம் மாடியில். கட்டில், மேசை, கைகழுவும் தொட்டி. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்கள். சமையலறை எட்டுப் பேருக்குப் பொது. குளிர்சாதனப் பெட்டியில் எனக்கு ஒரு தட்டு.

பேராசிரியர் லீவே டிரீசன் முதல் வகுப்பிலேயே ஆளுக்கொரு கொப்பி கொடுத்தார். படித்ததை எழுத வேண்டாம், பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள், ஆய்வேடு எழுதும்போது உதவும் என்றார். இது அந்தக் கொப்பி.

நான் ஜெனற்றா. வயது முப்பத்தொன்று. வடமராட்சியில் மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சமாசத்தில் ஆறு வருடம் திட்ட உத்தியோகத்தர். ஒரு வருட விடுப்பில் வந்திருக்கிறேன். ஆய்வுத் தலைப்பு: ஒரே கடலில் மீன்பிடிக்கும் நாடுகள் தங்களுக்குள் எப்படிப் பேசி முடிவெடுக்கின்றன. என்னுடைய கடல் வடகடல். அதாவது, ஆய்வில்.

ஒக்டோபர் 5

சமையலறையில் யாரோ நெத்திலி பொரித்த வாசனை. போலந்துக்காரப் பெண் ஜன்னல் இரண்டையும் திறந்துவிட்டு வெளியே போய்விட்டாள். பொரித்தவர் என்னைப் பார்த்து, "நீங்க தமிழா?" என்றார். பெயர் கிளிட்டஸ். வயது இருபத்தாறு. மதுரையில் சட்டம் படித்தவர். இங்கே ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் படிக்கிறார்.

"எந்தப் பக்கம்க்கா?"

"வடமராட்சி. நீங்கள்?"

"ராமேஸ்வரம் தீவு. பாம்பனுக்குக் கொஞ்சம் இந்தாண்ட."

இரண்டு பேரும் சற்று நேரம் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நடுவில் அறுபது கடல்மைல்தான்.

"வீட்டில என்ன தொழில்?" என்று கேட்டேன்.

"அப்பா தவறிட்டாரு. அண்ணன் விசைப்படகு ஓட்டுறான். அவன்தான் என்னையப் படிக்க வச்சது. உங்க வீட்ல?"

"அப்பா. சின்ன வள்ளம்."

"கூட யாரு போவாங்க?"

"இப்ப தனிய."

அவர்கள் விசைப்படகு என்பதை நாங்கள் றோலர் என்போம். அடிமடி வலையைக் கடலின் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். இந்தக் குறிப்பு ஆய்வுக்குத் தேவையில்லை.

நெத்திலி நன்றாக இருந்தது.

ஒக்டோபர் 13

இன்றைய வகுப்பு: முடிவெடுக்கும் முறைகள். பெரும்பாலான விஷயங்களுக்குத் தகுதிப் பெரும்பான்மை போதும். நாடுகளில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து, மக்கள்தொகையில் நூற்றுக்கு அறுபத்தைந்து. வரி, வெளியுறவு போன்றவற்றுக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு மறுத்தாலும் நின்றுவிடும்.

ஆனால் வாக்களிக்காமல் இருந்தால் அது மறுப்பாகாது. ஓம் என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு வைத்த வழி அது என்றார் டிரீசன். வகுப்பில் சிரித்தார்கள். நான் கீழே கோடிட்டேன்.

எங்கள் ஊர்ச் சங்கத்திலும் எழுதாத ஒரு வழக்கம் உண்டு: சங்கத்தின் பெயரில் வெளியே கடிதம் போவதென்றால் உறுப்பினர் ஒருவர்கூட எதிர்க்கக் கூடாது. சண்டைக் காலத்தில் வந்த வழக்கம். அப்பா தலைவரான பிறகும் மாற்றவில்லை.

ஒக்டோபர் 21

பிரசல்ஸ் போய் வந்தோம். ரயிலில் அரை மணித்தியாலம். ஒன்றியத்தின் அமைச்சர்கள் கூடும் கட்டடம். காலியான மண்டபம், சுற்றிவர மொழிபெயர்ப்பாளர்களின் கண்ணாடிக் கூண்டுகள். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் விளக்கினார். இருபது டிசம்பர் மாதங்களை மீன் பங்கீட்டில் கழித்தவராம். பேச்சு இறுகிவிட்டால் கூட்டத்தை நிறுத்திவிட்டு, தலைமை நாடு ஒவ்வொரு நாட்டையும் தனித்தனியாக ஓர் அறைக்குள் அழைக்கும். உண்மையில் உங்களால் எதுவரை இறங்க முடியும் என்று கேட்கும். மண்டபத்தில் சொல்லாததை அங்கே சொல்வார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர், கோயிலில் குருவிடம் பாவத்தைச் சொல்வதுபோல, பாவசங்கீர்த்தனம்.

"நம்ம சாமியாருங்களுக்கு இது தெரியுமா?" என்று கிளிட்டஸ் என் காதில் சொன்னார். சிரிப்பு வந்தது.

திரும்பும்போது மழை.

நவம்பர் 2

ஆத்துமாக்கள் தினம். படித்தது நாற்பத்தாறு பக்கம். அம்மா சேமக்காலையில் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்திய படங்கள் அனுப்பியிருந்தார். திறக்கவில்லை.

நவம்பர் 17

மாதிரி அமைச்சரவைக் கூட்டம். பத்து மாணவர்கள், பத்து நாடுகள். சீட்டுக் குலுக்கினார்கள். எனக்குப் பெரிய இழுவைப்படகுகள் உள்ள நாடு. கிளிட்டஸுக்குச் சின்ன வள்ளங்கள் மட்டும் உள்ள கரையோர நாடு.

கூட்டத்துக்கு முதல்நாள் சமையலறையில் அவரைக் கேட்டேன்: "உங்கட ஆக்கள் இதுக்கு என்ன நியாயம் சொல்லுவினம்?"

அவர் தயங்காமல் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். "எங்க பக்கத்துல மீனு இல்லக்கா. நாங்களே அரிச்சுத் தின்னுட்டோம். படகு ஒரு முதலாளியோடது, ஓட்டுறது எங்க அண்ணன் மாதிரி ஆளு. கரையிலயே நின்னா அஞ்சு குடும்பம் பட்டினி. கோடு கடல்ல தெரியாது, மீனு எங்க இருக்கோ அங்க போவான்."

அவர் என்னிடம் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை.

இன்று அதையே கூட்டத்தில் சொன்னேன், ஒழுங்காக, எண்களுடன். என் நாட்டுக்குக் கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. டிரீசன் பாராட்டினார்: "உன்னிடம் கோபமே இல்லை. பேரம் பேசுபவருக்கு அது பெரிய பலம்." கிளிட்டஸின் நாடு எதிர்த்து வாக்களித்துத் தோற்றது. வெளியே வந்தபோது, "நல்லாப் பேசுனீங்கக்கா" என்றார். அவர் முகம் நன்றாக இல்லை.

டிசம்பர் 3

கிளிட்டஸ் வகுப்புக்கு வரவில்லை. மத்தியானம் சமையலறையில் இருந்தார். அவருடைய அண்ணன் யாகப்பனும் நான்கு பேரும் எங்கள் பக்கத்துக் கடலில் பிடிபட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாகிறது. படகும் பிடிபட்டது. யாகப்பன் ஓட்டி. முன்பும் ஒருமுறை பிடிபட்டவர் என்பதால் சிறைத்தண்டனை விழலாம் என்கிறாராம் வக்கீல்.

"மத்தவங்கள விட்டுருவாங்க. அண்ணனை விடமாட்டாங்க" என்றார்.

பிறகு மற்றதைச் சொன்னார். அண்ணி சகாயமேரிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். கொடுக்கப்போகிறவர் யாகப்பன். சோதனைகள் எல்லாம் முடிந்து, மதுரையில் பெப்ரவரி முதல் வாரத்துக்குத் தேதி வாங்கியாகிவிட்டது.

"அப்ப ஏன் கடலுக்குப் போனவர்?"

"ஆபரேஷன் பண்ணிட்டா ஆறு மாசம் போக முடியாதுல்லக்கா. அதுக்கு முன்னாடி நாலு தடவ போய்ட்டு வந்துர்றேன்னான். இது மூணாவது."

ஒரு தட்டில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தேன். சாப்பிடவில்லை.

டிசம்பர் 4

வக்கீல் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அந்தக் கரையோர மீனவர் சங்கம் ஒன்று, மனிதாபிமான அடிப்படையில் இவரை விடுவிப்பதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று கடிதம் கொடுத்தால், நீதிபதி அதைக் கணக்கில் எடுக்கக்கூடும். உறுதி இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

"அக்கா, நீங்க அங்க சமாசத்துல வேலை பாத்தவங்க. ஏதாவது சங்கத்துத் தலைவரைத் தெரியுமா?"

"பாப்பம்" என்றேன்.

டிசம்பர் 5

நூலகம். 1970களின் மீன்பிடி ஒப்பந்தங்கள். பயனுள்ளவை.

டிசம்பர் 6

நூலகம்.

டிசம்பர் 8

அமலோற்பவ மாதா திருநாள். பூசைக்குப் போனேன். வாசலில் கிளிட்டஸ் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

நானே சொன்னேன். "எங்கட ஊர்ச் சங்கத்தின்ர தலைவர் என்ர அப்பாதான்."

அவர் என்னையே பார்த்தார். "நாலு நாளா யோசிச்சீங்களா?"

"ஓம்."

"பரவால்லக்கா" என்றார். கோபத்தில் சொன்னதுபோலத் தெரியவில்லை.

டிசம்பர் 9

அப்பாவுடன் பேசினேன். ஊரில் பின்னேரம் ஐந்து மணி, வலை பிரித்துக்கொண்டிருந்தார். விபரம் முழுவதையும் வரிசையாகச் சொன்னேன். பெயர், வயது, பிடிபட்ட நாள், சத்திரசிகிச்சைத் தேதி.

"இதை அந்தப் பெடியன் கேக்கிறானோ, நீ கேக்கிறியோ?"

"அவர்தான் கேக்கிறார். நான் விபரத்தைச் சொல்லுறன்."

"உன்ர விருப்பம் என்ன பிள்ளை?"

"எனக்கு விருப்பம் எண்டு ஒண்டும் இல்லை அப்பா."

"விபரத்தை வைச்சு நான் என்ன செய்ய? கூட்டத்தில முதல் கேள்வியே, ஜெனற்றா என்ன சொல்லுறா எண்டுதான் வரும். போன கிழமையும் இருபது பேற்றை வலையை அறுத்துக்கொண்டு போனவங்கள். எனக்கும் ஆறு வலை போச்சு."

அப்பாவுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போனது.

"ஓம் அப்பா. நான்தான் கேக்கிறன்."

"சரி. ஆனால் வயலற்ரோட நீதான் கதைக்க வேணும். அவள் ஓம் எண்டால் ஊரில ஒருத்தரும் இல்லை எண்டு சொல்ல மாட்டினம். அவள் இல்லை எண்டால் நான் அந்தக் கடிதத்தில கை வைக்க மாட்டன்."

வயலற் என் அண்ணி. அண்ணனுடைய சங்க உறுப்புரிமை இப்போது அவள் பெயரில் இருக்கிறது. சங்கத்தில் எழுத்து வேலையும் அவள்தான் பார்க்கிறாள்.

டிசம்பர் 10

தொலைபேசியை இரண்டு தடவை எடுத்து வைத்தேன். துணி துவைத்தேன்.

டிசம்பர் 11

அண்ணி முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணி, நான் ஜெனி."

"தெரியும். மாமா சொன்னவர்."

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

"என்ன நினைக்கச் சொல்லுறாய்?"

அவள் ஓம் என்று சொல்லத் தேவையில்லை என்றேன். கை உயர்த்தத் தேவையில்லை, எதிர்க்காமல் இருந்தால் போதும். இங்கே பெரிய பெரிய நாடுகளே அப்படிச் செய்கின்றன. வாக்களிக்காமல் இருப்பது மறுப்பாகாது, முடிவு நிற்காது. இதற்கென்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவே இருக்கிறது. நான் வகுப்பில் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தேன்.

"இரண்டு வருசமா நான் பேசாமல்தானே இருக்கிறன்" என்றாள் அண்ணி. "அதுக்கும் சட்டம் வைச்சிருக்கினமே?"

பிறகு அவளே கேட்டாள்:

"அந்த மனிசிக்கு எத்தினை வயசு?"

"முப்பத்தெட்டு."

"பிள்ளையள்?"

"இரண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன்.

"நான் எதிர்க்கயில்லை. கை தூக்கவும் மாட்டன். ஒண்டே ஒண்டு செய். அந்த ஆள் ஓட்டி எல்லே? வெளியில வந்தாப் பிறகு அவரிட்டக் கேட்டுச் சொல்லு. றோலருக்குக் கீழ ஒரு வள்ளம் அகப்பட்டால், மேல நிண்டு ஓட்டுறவனுக்குத் தெரியுமோ எண்டு. எல்லாரிட்டயும் கேட்டுப் பாத்திட்டன். ஒருத்தருக்கும் தெரியாது. ஓட்டுறவனுக்குத்தானே தெரியும்."

சரி என்றேன்.

டிசம்பர் 16

பிரசல்ஸில் இந்த வருடத்து மீன் பங்கீடு முடிந்தது. செய்தியில் அமைச்சர்கள் கைகுலுக்கினார்கள். முடிவில் யாருக்கும் முழுத் திருப்தி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஊரிலும் கூட்டம் முடிந்தது. அப்பா சொன்னபடி: வந்தவர்கள் நாற்பத்தொரு பேர். முதலில் சத்தம். ஒருவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாராம். எல்லோரும் வயலற்றைப் பார்த்தார்கள். அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். எழும்பினவர் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். கைகள் முப்பத்தெட்டு. எதிர்த்து யாரும் இல்லை.

கடிதத்துக்குச் சங்க முத்திரை குத்தியது வயலற்தான். முதல் தரம் மங்கலாக விழுந்ததென்று, மையில் நன்றாக ஒற்றி, பக்கத்தில் இன்னொரு தரம் குத்தினாளாம்.

டிசம்பர் 19

வக்கீல் கடிதத்தைப் படம் எடுத்துக் கிளிட்டஸுக்கு அனுப்பியிருக்கிறார். நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது போனை நீட்டினார். அப்பாவின் கையெழுத்து. இரண்டாம் பந்தியில், எமது உறுப்பினர் ஒருவரை இழுவைப்படகு மோதி இழந்த பின்னும் என்று தொடங்கும் ஒரு வசனம். அதில் ஒரு பெயர்.

"இந்தப் பேரோட கடைசிப் பாதி உங்களோடதுதானக்கா?"

"ஓம்."

"யாரு?"

"அண்ணன்."

"அந்த வகுப்புக் கூட்டத்துக்கு முன்னாடி என்னையக் கேட்டீங்களே, எங்க ஆளுங்க என்ன சொல்வாங்கன்னு. நான் பாட்டுக்குச் சொன்னேன். அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கள் கேக்கயில்லை."

இதைச் சொன்ன உடனே, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் தலையை ஆட்டினார். தொட்டியில் கிடந்த என் பாத்திரங்களையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 12

வழக்கு முடிந்தது. ஒத்திவைத்த சிறைத்தண்டனை. ஐந்து பேரையும் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு. படகு அரசுடைமை. நீதிபதி கடிதத்தைப் படித்தாரா, படித்து மனம் மாறினாரா, இல்லாவிட்டாலும் இதே தீர்ப்புத்தானா என்பது தெரியாது. ஆய்வில் இப்படியொரு நிகழ்வு வந்தால், காரணத்தை நிறுவப் போதிய சான்று இல்லை என்று எழுதுவேன்.

கிளிட்டஸ் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். போலந்துக்காரப் பெண் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஜனவரி 23

ஆய்வேட்டின் முதல் அதிகாரம் கொடுத்தேன். டிரீசன் ஓரத்தில் எழுதியிருந்தார்: "துல்லியம். ஆனால் இந்தக் கடலில் மனிதர்களே இல்லையே?"

ஜனவரி 30

யாகப்பன் மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார். எனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று கிளிட்டஸிடம் கேட்டாராம். இன்று அவர்களுக்குப் பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்தோம். கிளிட்டஸ் போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே போகப் பார்த்தார். இருங்கள் என்றேன்.

"அம்மா, யாகப்பன் பேசுறேன். உங்க அப்பாரு செஞ்ச உதவிய நாங்க சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம். அவருக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"மனிசி எப்பிடி இருக்கிறா?"

"பக்கத்து வார்டுல இருக்கா. நல்லாருக்காம்மா."

"உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும்."

"கேளுங்கம்மா."

அண்ணி சொன்ன வார்த்தைகளிலேயே கேட்டேன். மறுமுனையில் ஆஸ்பத்திரிச் சத்தம் மட்டும். யாரோ ஒரு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"தெரியும்மா" என்றார்.

"எப்பிடி?"

"எஞ்சின் சத்தத்துல காதுக்குக் கேக்காது. காலுக்குத் தெரியும். பாறைல மடி மாட்டுனா படகு உதறும். வலைன்னா சும்மா வழுக்கிட்டுப் போகும். வள்ளம்னா ஒரு அடி. ஒரே அடி. பலகைல நிக்கிற கால்ல வந்து ஏறும். அப்படி அடி வாங்குன ஓட்டிங்க சொல்லிக் கேட்டிருக்கேன்."

"தெரிஞ்சால் நிப்பாட்டுவியளோ?"

"நிப்பாட்டணும்."

"நிப்பாட்டுவியளோ எண்டு கேட்டனான்."

கிளிட்டஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கர்த்தர் மேல சத்தியமா எனக்கு அப்படி நடந்ததில்ல. நடந்திருந்தா நின்னிருப்பேன்னு சொல்ல ஆசையா இருக்கு. ஆனா பயம்மா. புடிச்சுருவாங்கன்னு பயம். படகு போயிரும்னு பயம். அந்த நேரத்துல என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல. உங்ககிட்ட பொய் சொல்ல முடியாது."

நன்றி என்றேன். சுகமாக முடியட்டும் என்றேன்.

பெப்ரவரி 4

நூலகம். இரண்டாம் அதிகாரம் ஏழு பக்கம். அண்ணியின் அழைப்பு இரண்டு தடவை வந்திருந்தது.

பெப்ரவரி 6

சத்திரசிகிச்சை முடிந்தது. இரண்டு பேரும் நலம். புதிய சிறுநீரகம் மேசையிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டதாம். கிளிட்டஸ் கேசரி கிண்டி எட்டுப் பேருக்கும் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை எங்கள் பக்கத்தில் மறுபடி றோலர்கள் வந்தன. அப்பாவுக்கு நான்கு வலை போனது. அம்மாதான் சொன்னார், அப்பா சொல்லவில்லை.

பெப்ரவரி 8

இன்று காலை அண்ணி மூன்றாம் தடவை எடுத்தாள். அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினேன்.

"கேட்டனியோ?"

"கேட்டனான்."

"என்ன சொன்னவர்?"

சொல்லாமல் விடலாம் என்றும், தெரியாதாம் என்று சொல்லிவிடலாம் என்றும் ஒரு கிழமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கும் பாதகமில்லாத முடிவு. என் ஆய்வில் அப்படிப்பட்ட முடிவுகள் நிறைய இருக்கின்றன.

"தெரியுமாம் அண்ணி. கால்ல தெரியுமாம்."

"அப்ப நிண்டிருக்கலாம்" என்றாள்.

"ஓம்."

"திரும்பிப் பாத்திருக்கலாம். அவர் நல்லா நீந்துவார். ஒரு மணித்தியாலமாவது நீந்தியிருப்பார் ஜெனி."

"ஓம் அண்ணி."

"இரண்டு வருசமா ஆராவது இப்பிடி நேர சொல்லுவினமோ எண்டுதான் பாத்துக்கொண்டு இருந்தனான். எல்லாரும் விதி எண்டிச்சினம். தெரியாமல் நடந்தது எண்டிச்சினம்." பிறகு, "அந்த மனிசிக்கு எப்பிடி?" என்று கேட்டாள்.

"சுகம். இரண்டு பேருக்கும் சுகம்."

"அது நல்லது."

அண்ணி அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் போனை வைக்காமல், நான் முடிக்கும் வரைக்கும் அங்கேயே இருந்தாள். பிறகு, "முகத்தைக் கழுவிப்போட்டு வகுப்புக்குப் போ" என்றாள்.

வகுப்புக்குப் போகவில்லை. முதல் அதிகாரத்தை எடுத்து, வடகடல் என்று தொடங்கும் முதல் பந்திக்கு மேலே இதை எழுதினேன்:

என் அண்ணன் பெயர் அலோசியஸ். வயது முப்பத்தாறு. இரண்டு வருடங்களுக்கு முன், பெப்ரவரி பதினொன்றாம் திகதி காலை ஐந்தரை மணிக்கு, எங்கள் கரையிலிருந்து ஒன்பது கடல்மைல் தூரத்தில் தன் வலையை இழுத்துக்கொண்டிருந்தான். அவனை மோதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.